தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்

வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. அடையாள அட்டையில் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் என்று இருக்கும். தெருவில் ‘மருந்து ஊத்துற அக்கா’. கோவில்பட்டிப் பக்கத்து ஊர்கள். குழாயில் தினமும் தண்ணீர் வராது என்பதால் சிமெண்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், அண்டா, குடம் என்று எல்லா வீட்டிலும் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் பிழைப்பு. அதனால் எங்களுக்கு டெங்கு மழைக்காலத்தில் மட்டும் வருகிற நோய் இல்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தாலும் வரும். இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான் ஆஸ்பத்திரியில் கூட்டம் கூடும். புரட்டாசியிலேயே வீட்டை ஒழுங்கு பண்ணிவிட்டால் பாதிக் கவலை விட்டது.

முதலில், எந்தக் கொசுவோடு மல்லுக்கட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். ராத்திரி காதுக்குள் வந்து பாட்டுப் பாடித் தூக்கத்தைக் கெடுக்கிற கொசு பெரும்பாலும் கியூலெக்ஸ். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறப்பது. யானைக்கால் நோயைப் பரப்புவது அது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் கொண்டுவருவது ஏடிஸ். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளைப் பட்டைகள். பகலில் கடிக்கும். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற நேரமும் பொழுது சாயும் முன்னாலும் கூடுதலாகக் கடிக்கும். கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்குகிற துணிக்குப் பின்னால், பீரோ சந்தில் உட்கார்ந்திருக்கும். நாம் குடிக்கப் புழங்கப் பிடித்து வைக்கிற தண்ணீரில்தான் முட்டையிடும். பெரும்பாலும் நூறு இருநூறு மீட்டருக்கு மேல் பறக்காது. அதாவது உங்களைக் கடித்த ஏடிஸ் உங்கள் வீட்டில் பிறந்திருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டில்.

இதைச் சொன்னால்தான் எனக்கும் தெருவுக்கும் சண்டை. “மொதல்ல அந்தச் சாக்கடைய அள்ளச் சொல்லுங்க, பெறவு எங்க வீட்டுக்கு வாங்க” என்பார்கள். சாக்கடையை அள்ளச் சொல்லிக் கேட்பது நியாயம், விடாமல் கேளுங்கள். ஆனால் சாக்கடை பளிச்சென்று ஓடுகிற தெருவிலும் டெங்கு வரும். மாடியும் கிரானைட் தரையுமாக இருக்கிற வீட்டில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற டிரேயில், புழு துள்ளிக்கொண்டிருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

புழுவைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். செல்போன் டார்ச் போதும். தொட்டியைத் தட்டாமல், நிழல் விழாமல் மெதுவாக எட்டிப் பாருங்கள். ஆள் அசைந்தால் ஏடிஸ் புழு சரசரவென்று அடிக்குப் போய்விடும். மூச்சு விட அது மேலே வந்தே ஆக வேண்டும் என்பதால் ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்தால் தெரியும். நெளிந்து நெளிந்து நீந்துவது புழு. கமா போட்டது மாதிரி வளைந்து, தலை பெருத்து இருப்பது கூட்டுப்புழு. கூட்டுப்புழுவைப் பார்த்தால் இரண்டொரு நாளில் கொசு பறக்கப் போகிறது என்று பொருள். “அது தண்ணிப் பூச்சி, கெடக்கட்டும், தண்ணி சுத்தமா இருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லும் ஆச்சிகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதம் பண்ணிப் பிரயோஜனமில்லை. இரண்டு புழுவைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வாயில் துணி கட்டி ஜன்னலில் வையுங்கள். கொசு வெளியே வந்ததும் ஆச்சியே மூடி தேடுவார்.

தொட்டி தேய்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஏடிஸ் தண்ணீரின் மேல் முட்டையிடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரின் ஈரத்தில் ஒட்டி வைக்கும். கறுப்புப் பொடி தூவியது போல இருக்கும், கவனித்துப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் வற்றினாலும் அது சாகாது, மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த தடவை தண்ணீர் ஏறி அதைத் தொட்டதும் பொரியும். எங்கள் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை என்று நாங்கள் தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதனால்தான். தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மறுபடி பிடித்தால் முட்டை இருந்த இடத்தில்தான் இருக்கும். தேய்த்தால்தான் போகும்.

எப்போது தேய்ப்பது? குழாயில் தண்ணீர் வரும் முறை நாளுக்கு முந்தின நாள். அப்போதுதான் தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கும். மிச்சத் தண்ணீரைக் கீழே ஊற்ற மனசு வராது, எனக்கும் வராது. பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து இன்னொரு பாத்திரத்தின் வாயில் கட்டி, அதன் வழியாக ஊற்றுங்கள். புழு துணியில் நின்றுவிடும். துணியை வெயிலில் காய்ந்த மண்ணில் உதறினால் செத்துப்போகும். வடிகட்டின தண்ணீரைப் பாத்திரம் கழுவ, செடிக்கு, கக்கூசுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு குடம்கூட வீணாகாது.

அப்புறம் தேங்காய் நாரோ கெட்டியான பிரஷோ எடுத்து, பிளீச்சிங் பவுடரைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, தொட்டியின் உள்சுவரை மேல்விளிம்பிலிருந்து அடிவரை அழுத்தித் தேயுங்கள். விளிம்புக்குக் கீழே இருக்கிற மடிப்பு, டிரம்மின் வரி வரியான பள்ளம், சிமெண்ட் தொட்டியின் மூலை இதெல்லாம்தான் முட்டைக்குப் பிடித்த இடம். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நன்றாகக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள். கழுவின தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் வெறுமண்ணில் ஊற்றுங்கள். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், கிளம்புகிற வாயு மூச்சைப் பிடித்துவிடும்.

பெரிய சிக்கல், தொட்டி காலியாவதே இல்லை என்பது. பாதித் தண்ணீர் இருக்கும்போதே அடுத்த முறை வந்துவிடும், அதன் மேலேயே பிடித்துவிடுவோம். இரண்டு டிரம் இருக்கிற வீட்டில் நான் சொல்லும் வழி, ஒரு டிரம்மை முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். தேய்த்த தேதியைச் சாக்பீஸால் டிரம்மிலேயே எழுதி வையுங்கள். நாங்கள் சுவரில் எழுதிவிட்டுப் போகிற தேதி எங்களுக்கு. இது உங்களுக்கு.

மூடி விஷயத்துக்கு வருவோம். தட்டை வைத்து அரைகுறையாக மூடுவது மூடாததற்குச் சமம். ஒரு விரல் சந்து போதும் கொசுவுக்கு. டிரம்முக்குப் பழைய வேட்டித் துணியை இழுத்து, சுற்றிலும் கயிறோ பழைய சைக்கிள் டியூபோ போட்டுக் கட்டுவதுதான் நல்லது. துணி தொய்ந்து தண்ணீரில் படக்கூடாது. மொட்டை மாடி சின்டெக்ஸ் டேங்க்கில் காற்று தூக்கிக்கொண்டு போன மூடிக்குப் பதில் ஓட்டுத் துண்டையோ கல்லையோ வைத்திருப்பார்கள். புது மூடி வாங்குங்கள். நிரம்பி வழிகிற குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு கட்டுங்கள், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். மேல்நிலைத் தொட்டியும் கிணறும் திறந்து கிடந்தால் மலேரியாவைப் பரப்புகிற அனாபிலிஸும் அதில் பிறக்கும்.

நாங்கள் ஊற்றுகிற அபேட் மருந்தைப் பற்றி எல்லாருக்கும் பயம். “குடிக்கிற தண்ணி, ஊத்தாதீங்கம்மா.” அதன் பெயர் டெமிபாஸ். லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் போகாத அளவில் குடிநீரிலேயே பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் அனுமதித்த மருந்து. அளந்துதான் ஊற்றுவோம். நீங்களாக வாங்கி ஊற்ற வேண்டாம். மருந்து ஊற்றியாச்சு என்று தேய்ப்பதை விட்டுவிடவும் வேண்டாம், ஏனென்றால் அது புழுவைத்தான் கொல்லும். முட்டையை ஒன்றும் செய்யாது. கூட்டுப்புழு எதையும் தின்பதில்லை, அதனால் அதுவும் தப்பித்துவிடும். தேய்த்துக் காயவைத்து மூடி வைத்திருக்கிற வீட்டில் நான் மருந்து பாட்டிலைத் திறப்பதே இல்லை.

ஒளிந்து கிடக்கும் தண்ணீர்

தொட்டி முடிந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு நடை. ஃபிரிட்ஜ் பின்பக்க டிரே, ஏர்கூலர், ஏசித் தண்ணீர் சொட்டுகிற வாளி, பாட்டிலில் வைத்த மணிபிளான்ட், பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டு. அரிசிப்பானை வைத்திருக்கும் மேசைக்கு எறும்பு ஏறாமல் காலுக்கடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணம் ஒன்று சில வீடுகளில் இருக்கும். அதில் ஒரு ஸ்பூன் உப்பையோ எண்ணெயையோ போட்டுவிடுங்கள். கிரைண்டர் வந்ததும் கொல்லையில் தூக்கிப் போட்ட ஆட்டுக்கல்லின் குழியில் மழைத்தண்ணீர் நின்று கொசு பிறக்காத மழைக்காலமே கிடையாது. கவிழ்க்க முடியாது என்றால் குழியில் மண்ணைப் போட்டு நிரப்புங்கள். சிரட்டை, பெயிண்ட் டப்பா, உடைந்த குடம், டீக்கடைக் கப் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டுவிடலாம். கோழிக்கும் மாட்டுக்கும் தண்ணீர் வைக்கிற சட்டி தொட்டிகளை ஒருநாள் விட்டு ஒருநாள் கவிழ்த்துத் தேயுங்கள்.

எங்கள் ஊர்களில் தனியாகச் சொல்ல வேண்டியது குழாய்க்குழி. தண்ணீர் வேகம் இல்லாததால் வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, குழாயை உள்ளே இறக்கி, படியில் இறங்கித் தண்ணீர் பிடிப்போம். பிடித்து முடித்த பிறகு அடியில் ஒரு சாண் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே கல் போட்டு மூடியிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை, நிழலும் குளிர்ச்சியும் இருப்பதால் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீர் பிடித்த அன்றே பழைய துணியால் ஒற்றிப் பிழிந்து எடுத்துவிடுங்கள். அடியில் மணலைக் கொட்டி மேடாக்கிவிட்டால் தேங்குவதே குறையும்.

செப்டிக் டேங்க்கின் காற்றுக்குழாய்க்கு மேலே கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். பத்து ரூபாய் வேலை, ராத்திரிக் கொசு குறையும். கிணற்றிலும் பெரிய தொட்டியிலும் கொசுப்புழுவைத் தின்கிற கம்பூசியா மீன் விடலாம், சுகாதாரத் துறையில் கேட்டால் தருவார்கள். ஆனால் அதைக் குளத்திலோ ஓடையிலோ கொண்டுபோய் விடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த மீன் அது, நம் மீன்குஞ்சுகளையும் தின்றுவிடும்.

தெருவும் கொசுப்புகை வண்டியும்

உங்கள் வீடு மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது என்பது அந்த நூறு மீட்டர் கணக்கிலேயே தெரியும். தெருவில் நாலு பேர் சேருங்கள். சேர்ந்து பார்க்க வேண்டியவை பூட்டிக் கிடக்கிற வீடு, பஞ்சர் கடை டயர், பழைய இரும்புக் கடை, மேல்தளம் போட்டுப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிற புதுக் கட்டிடம், பள்ளிக்கூடம். தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தின நாள் அங்கே தொட்டிகளைப் பார்த்தே ஆக வேண்டும். அரைக்கால் டவுசரும் பாவாடையும் போட்டுக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள்தான் ஏடிஸுக்கு வசதி. டயரை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள், இல்லை தார்ப்பாய் போட்டு இழுத்து மூடச் சொல்லுங்கள். தன்மையாகச் சொன்னால் பத்துக் கடைக்காரர்களில் எட்டுப் பேர் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க 1939-ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுதிக் கொடுங்கள்.

கொசுப்புகை அடிக்கிற வண்டி வரவில்லை என்று மட்டும் சாலை மறியல் பண்ணாதீர்கள். புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும், அதுவும் மேலே பட்டால்தான். தொட்டியில் இருக்கிற கூட்டுப்புழு அடுத்த நாளே கொசுவாகி வரும். யாருக்காவது டெங்கு உறுதியானபோது, நோய்க் கிருமியோடு பறக்கிற கொசுக்களை அந்த இடத்தில் உடனே குறைக்கத்தான் புகை. வண்டி வரும்போது எல்லாரும் கதவு ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். ஏடிஸ் இருப்பது வீட்டுக்குள்ளே, சாத்தினால் எப்படிப் போகும்? சாப்பாட்டையும் தண்ணீரையும் மூடிவிட்டு, கைக்குழந்தையையும் மூச்சிழுப்பு உள்ளவர்களையும் தூரமாக அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். தெருவோரத்தில் வெள்ளைக்கோடாகப் பிளீச்சிங் பவுடர் தூவுவது கண்ணுக்கு அழகு, கொசுவுக்கு ஒன்றும் ஆகாது.

கொசுவர்த்தி, திரவ மெஷின், உடம்பில் பூசுகிற கிரீம் எல்லாம் அந்த நேரத்துக்குக் கடியைக் குறைக்கும், அவ்வளவுதான். பகலில் தூங்குகிற குழந்தைக்கு வலை கட்டுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்

2012-ல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு பரவியதை நெல்லைச் சீமைக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு உறுதியானது, 66 பேர் இறந்தார்கள். 2017-ல் நோயாளிகள் எண்ணிக்கை 23,000-ஐத் தாண்டியது. எவ்வளவு தேய்த்தாலும் காய்ச்சல் வரக்கூடும். அதற்கும் வீட்டைத் தயாராக வைக்க வேண்டும்.

ஒரு டப்பாவில் தெர்மாமீட்டர், பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலைந்து, ஒரு நோட்டு, பேனா. ராத்திரி கூப்பிட்டால் வருகிற ஆட்டோக்காரர் நம்பரைச் சுவரில் எழுதுங்கள், அதோடு 108-ம் ஆலோசனை கேட்க 104-ம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை எத்தனை மணி வரை என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

காய்ச்சல் தொடங்கின நாளையும் நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். டாக்டர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். முதல் ஐந்து நாளுக்குள் என்றால் ரத்தத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுகிற என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கியதைத் தேடுகிற ஐஜிஎம். லேபில் எலைசா முறையில் எடுப்பது உடனே முடிவு சொல்கிற கார்டு டெஸ்ட்டைவிட நம்பகமானது. திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, சிலருக்குத் தடிப்பு என்று வந்தால் மெடிக்கல் ஷாப்பில் “ஒரு செட் மாத்திரை” வாங்கிப் போடாதீர்கள். அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. டைக்ளோபினாக், ஐப்யூப்ரோபென், ஆஸ்பிரின், மெஃபனமிக் எதுவும் கூடாது, ரத்தக் கசிவை அதிகமாக்கும். வலிக்கு ஊசி போடச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். பாராசிட்டமால் மட்டும், ஆறு மணி நேர இடைவெளி விட்டு, பிள்ளைகளுக்கு எடைக்குத் தக்க அளவு கேட்டுக்கொண்டு. இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடிக்கிற கொசு எட்டுப் பன்னிரண்டு நாளில் நோயைப் பரப்பத் தயாராகிவிடும், அப்புறம் சாகும்வரை பரப்பும். தெருவில் முதல் காய்ச்சல் வந்ததும் எங்களிடமோ கிராமச் செவிலியரிடமோ சொல்லுங்கள். சொன்னால் வீட்டில் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள், நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்று மறைக்கிற வீட்டைச் சுற்றித்தான் அடுத்த வாரம் ஐந்து வீட்டில் படுக்கிறார்கள்.

குடிக்க வையுங்கள். கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், பழச்சாறு, ஒரு தடவைக்கு அரை டம்ளராவது, அடிக்கடி. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பீட்ரூட், மாதுளைச் சாறு அந்த நாட்களில் வேண்டாம், வாந்தி எடுத்தால் சிவப்பு சாறா ரத்தமா என்று குழப்பம் வரும். சிறுநீர் எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுங்கள். ஆறு மணி நேரம் போகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பப்பாளி இலைச்சாற்றைக் கட்டாயப்படுத்திக் கொடுத்து, பிள்ளை குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டால் உள்ளே இருந்த தண்ணீரும் போச்சு.

இப்போது சொல்வதைச் சத்தமாகச் சொல்ல முடிந்தால் சொல்லுவேன். டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கிற நேரம் இல்லை, விடுகிற நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். அதை ஒட்டிய ஒன்றிரண்டு நாளில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் விழும். என் வட்டாரத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் விட்டதென்று தலைக்கு ஊற்றிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மத்தியானம் வயிற்றுவலி என்று திரும்பி வந்தவனுக்குச் சாயங்காலம் கை கால் சில்லிட்டுவிட்டது. 108-ல் போய், குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தான்.

ஆகவே காய்ச்சல் இறங்கின பிறகும் இரண்டு நாள் வீட்டிலேயே வைத்துக் கவனியுங்கள். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுதல், மூச்சுத் திணறல், பிள்ளை சோர்ந்து துவண்டு கிடப்பது அல்லது காரணமில்லாமல் சிணுங்கிக்கொண்டே இருப்பது, இதில் ஏதாவது ஒன்று என்றாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயசானவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதல் நாளிலேயே டாக்டரிடம் போவது நல்லது.

தட்டணு, அதாவது பிளேட்லெட், எத்தனை என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டுகிற ஹெமடோகிரிட் எவ்வளவு என்றும் கேளுங்கள். தட்டணு இறங்கிக்கொண்டே அது ஏறினால்தான் நீர் கசிகிறது என்று டாக்டர் முடிவு செய்வார். எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று மட்டும் வைத்துத் தட்டணு ஏற்றச் சொல்லி வார்டில் சண்டை போட வேண்டாம், ரத்தப்போக்கு இல்லாத பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாது.

தேறின பிறகு உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு எடுக்கும், சில வாரம் அசதி இருக்கும். பயப்பட வேண்டாம். டெங்குக் கிருமியில் நாலு வகை இருக்கிறது. ஒருமுறை வந்தவருக்கு வேறு வகை மறுபடி வரலாம், வந்தால் முதல் தடவையைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். அந்த ரிப்போர்ட் பேப்பரை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த காய்ச்சலுக்குப் போகும்போது டாக்டரிடம் அதைக் காட்ட வேண்டியிருக்கும்.